நாடகத்துக்குப் பின்னால் தள்ளிய மரண அறிவித்தல்

போன மாதம் பழைய வானொலிக்காரர்களின் ஒன்றுகூடல் ஒன்றுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும், இப்போது நிலையத்தில் நல்ல பெயரெடுத்திருக்கும் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு கதை சொன்னார்.

"நயினாதீவில ஒரு குடும்பம். ஒரு மார்கழி மாதம். றேடியோவில நாடகம் போகுது. நாடகத்தில ஒரு வியாபாரி செத்துப்போறார். இவை அதை உண்மையெண்டு நம்பி, குழறிக்கொண்டு கோச்சி ஏறிக் காலிக்குப் போனால், செத்தவர் கடையில இருந்து பருப்பு நிறுக்கிறார்! பாருங்கோ, அந்தக் காலத்து நாடகத்தின்ர சக்தியை!"

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "நீங்களும் அந்த நாடகத்தில வேலை செய்தனீங்கள் எல்லோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்கு மேல் அங்கே பேசவில்லை. பேசியிருந்தால் ஒன்றுகூடல் குழம்பியிருக்கும். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் பிழைகளைத் திருத்திவிடுகிறேன். திகதியும் இடமும் பிசகினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அது நயினாதீவு அல்ல, புங்குடுதீவு மடத்துவெளி. மார்கழி அல்ல, ஆடி. வாடைக்காற்று அல்ல, கடலைக் கொந்தளிக்கவைக்கும் சோளகக்காற்று. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது போகப்போகத் தெரியும். ஆண்டை மட்டும் வேண்டுமென்றே விடுகிறேன். அறுபதுகளின் பிற்பாதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆண்டைச் சொன்னால் அந்த நாடகத்தை நடத்தியவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, அந்தக் குடும்பம் நாடகத்தை நம்பியது என்பது. அவர்கள் நாடகத்தில் ஒரு வசனத்தைக்கூடக் கேட்கவில்லை.

நான் மடத்துவெளியில் பிறந்தவன். தகப்பனார் தெற்குக் கரையில் உள்ள காலி நகரில் கடை வைத்திருந்தார். ஐம்பத்தாறில் கொழும்பு வானொலியில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவது, சுளகில் பயறு போட்டு அலையோசை எழுப்புவது, கடதாசியைக் கசக்கி நெருப்பு எரிய வைப்பது எல்லாம் முதல் இரண்டு வருடத்தில் கைக்கு வந்துவிட்டன. பிறகு நாடகப் பகுதிக்குப் போனேன். அங்கேதான் எங்கள் பொறுப்பாளர் இருந்தார்.

வல்லவர் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை. ஒத்திகையின்போது கண்ணாடித் தடுப்புக்கு முதுகைக் காட்டி, கண்களை மூடிக்கொண்டு நிற்பார். நடிகரின் முகத்தைப் பார்த்தால் குரலில் உள்ள பொய் தெரியாது என்பார். பிழை வந்தால் சத்தம் போடமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டி நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "இன்னொருக்கால்" என்பார். இருபது தரமானாலும் அதே குரலில் "இன்னொருக்கால்." யாழ்ப்பாணப் பட்டணத்து ஆள். தீவுப் பகுதியாரை மனிதராக எண்ணுவதற்கு அவருக்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது.

"என்ன காணும், உங்கட தீவில குதிரையும் றேடியோ கேக்குமாமே?" என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"குதிரை நிக்கிறது நெடுந்தீவில சேர். நான் புங்குடுதீவு" என்றேன்.

"எல்லாம் கடலுக்கு நடுவிலதானே" என்றார்.

அந்த வருடம் தமிழ்ச் சேவை ஒரு சனிக்கிழமை முழுவதையும் உரைக்கும் நாடகத்துக்கும் ஒதுக்கியது. காலையில் சைவ நற்சிந்தனை, அதன் பின் மாதர் உரை, கமக்காரருக்கான விவசாயப் பேச்சு, சிறுவர் நாடகம், மதியம் கதாப்பிரசங்கம், பின்னேரம் கவியரங்கும் விவாதமும், மாலைச் செய்திக்குப் பிறகு பொறுப்பாளர் தாமே எழுதிய பெரிய நாடகம். காலியில் கடை வைத்திருந்த வியாபாரி ஒருவர் இறந்துபோக, தம்பிமார் சொத்துக்கு அடிபடும் கதை. நல்ல நாடகம். அதையும் சொல்லவேண்டும்.

மாலைச் செய்திக்குப் பிறகு வழக்கமாக என்ன வரும் என்பது இலங்கைத் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. மரண அறிவித்தல். நெடுந்தீவில் ஒருவர் காலமானால், பதுளையில் இருக்கும் மகனுக்கும் மாத்தறையில் இருக்கும் மருமகனுக்கும் தனித்தனியே தந்தி அடிப்பதில்லை. வானொலிக்கு ஒரு தந்தி. அன்று மாலையே நாடு முழுவதும் உள்ள சொந்தம் வெளிக்கிட்டுவிடும். எந்த அமைச்சரின் பேச்சுக்கும் கிடைக்காத அமைதி அந்தச் சில நிமிடங்களுக்குக் கிடைக்கும்.

எங்கள் தீவுகளில் அப்போது மின்சாரம் இல்லை. றேடியோ பற்றறியில் ஓடியது. பற்றறியைப் பட்டணத்திலிருந்துதான் கொண்டுவரவேண்டும். ஆகவே வீடுகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. செய்திக்குத் திறப்பார்கள். மரண அறிவித்தலைக் கேட்பார்கள். அது முடிந்து இசை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். இசை வந்தால் அறிவித்தல் முடிந்தது என்பது குழந்தைக்கும் தெரியும். வெளிச்சம் வந்தபின் விளக்கை அணைப்பதுபோன்ற காரியம் அது. அதில் அறியாமை எங்கே இருக்கிறது?

பொறுப்பாளர் தமது நாடகத்தை மரண அறிவித்தலோடு தொடங்கினார். நாடகத்தின் பெயரை முன்னால் சொல்லக்கூடாது என்றார். செய்தி முடிந்ததும் ஒரு சிறு மௌனம். பிறகு அறிவித்தல். பிறகு நீண்ட இசை. அதற்குப் பிறகுதான் நாடகத்தின் பெயரும் நடிகர்களின் பெயர்களும். வாசிப்பதற்கு நடிகர் போதாது என்று, நாளாந்தம் உண்மை அறிவித்தல்களை வாசிக்கும் அறிவிப்பாளரையே பிடித்தார். எழுத்துப்படியில் முதலில் ஒரு கற்பனை ஊர்தான் இருந்தது. ஒத்திகையில் அதை வெட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உம்மட ஊர் என்ன காணும்? மடத்துவெளியோ? நல்லாக் கிடக்கு. போடும்."

இப்படி வந்தது: "புங்குடுதீவு மடத்துவெளியைப் பிறப்பிடமாகவும் காலியை வசிப்பிடமாகவும் கொண்ட பிரபல வர்த்தகர் நாகலிங்கம் காலமானார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்."

"சேர், மடத்துவெளி நாகலிங்கம் எண்டு காலியில கடை வைச்சிருக்கிறவை ரெண்டு பேர் இருக்கினம்" என்றேன். "எனக்கு ரெண்டு பேரையும் தெரியும்."

"அப்ப உண்மைமாதிரிக் கிடக்கும்."

"அதுதான் சேர் பயம். பேரை மாத்துவம். இல்லாட்டி நாடகம் எண்டு முதல்ல சொல்லுவம்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "நாடகம் எண்டு சொல்லிப்போட்டு நடத்தினால் அது நாடகமோ, காணும்?" என்றார். "இன்னொருக்கால்."

உண்மை அறிவித்தல்களைப் பெற்று ஒழுங்குபடுத்தும் வேலை றெஜினாவினுடையது. எங்கள் தீவுப் பக்கத்து அல்லைப்பிட்டிப் பிள்ளை. சாதாரணமாக வாய் திறக்கமாட்டாள். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் கையில் தந்திகளோடு கலையக வாசலுக்கு வந்தாள்.

"சேர், இண்டைக்கு வந்த மரண அறிவித்தலுகளை எப்ப வாசிக்கிறது?"

"நாடகம் முடிஞ்ச பிறகு."

"நாடகம் முடிய எங்கட பக்கம் ஒருத்தரும் கேட்டுக்கொண்டு இருக்காயினம் சேர். நிப்பாட்டிப்போடுவினம்."

"பிள்ளை, செத்தவருக்கு அவசரமில்லை" என்றார். அங்கிருந்த நடிகர்கள் சிரித்தார்கள்.

றெஜினா என்னைப் பார்த்தாள். நான் இரண்டாம் முறையும் சொன்னேன். நாடகத்தை அறிவித்தலுக்குப் பின்னால் வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றேன். "நீரும் உந்தப் பிள்ளையும் சேர்ந்து நிலையத்தை நடத்துங்கோவன்" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சுளகைக் கையில் எடுத்தேன்.

நாடகம் பிரமாதமாக நடந்தது. அடுத்த வாரப் பத்திரிகைகளில் "உயிரோட்டமான தொடக்கம்" என்று எழுதினார்கள்.

மடத்துவெளியில் என் தமக்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் கனகம்மா அக்கா இருந்தார். நெடுந்தீவில் பிறந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் முடித்து வந்தவர். தகப்பனுக்கு ஒரே பெண்பிள்ளை. புருஷன் செல்லத்துரை அண்ணை. அவருடைய மூத்த தமையன்தான் காலியில் கடை வைத்திருந்த இரண்டு நாகலிங்கங்களில் ஒருவர். அன்று மாலை அவர்கள் வழக்கம்போல் றேடியோவைத் திறந்தார்கள். செய்தி முடிந்தது. வழக்கமான மௌனம். வழக்கமான குரல். வழக்கமான வாசகம். செல்லத்துரை அண்ணை "ஐயோ அண்ணை" என்று முற்றத்தில் விழுந்தார். இசை தொடங்கியது. யாரோ றேடியோவை நிறுத்தினார்கள்.

விடியமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் இருவரும் வெளிக்கிட்டார்கள். வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி தாண்டிப் பட்டணம். அங்கிருந்து கொழும்புக்குக் கோச்சி ரயில். பிறகு காலி. போகும் வழியெல்லாம் அழுதிருக்கிறார்கள். கடை வாசலில் இறங்கினால், நாகலிங்கம் அண்ணை தராசோடு நிற்கிறார். இதுவரைக்கும் அந்த இளைஞர் சொன்ன கதை சரி. அவருடைய கதை இதோடு முடிகிறது. நடந்தது இதோடு முடியவில்லை.

அதே சனிக்கிழமை காலையில் நெடுந்தீவில் கனகம்மா அக்காவின் தகப்பனார் காலமானார். வீட்டார் செய்யவேண்டியதைச் செய்தார்கள். வானொலிக்குத் தந்தி கொடுத்தார்கள். மகள் மாலையில் கேட்பாள், ஞாயிறு காலை வள்ளத்தில் வந்துசேருவாள் என்று அன்று மத்தியானத்துக்குப் பிறகு தகனம் வைத்தார்கள். காலையில் அடங்கிக் கிடந்தாலும், ஆடி மாதத்துச் சோளகக் கடலில் பின்னேரம் ஆளை அனுப்பிச் செய்தி சொல்ல முடியாது. மார்கழியாக இருந்தால்கூட வானொலியை நம்பித்தான் இருந்திருப்பார்கள். ஆனால் ஆடியில் வேறு வழியே இல்லை.

அந்தத் தந்தி றெஜினாவின் கையில் இருந்தது. "கனகம்மாவின் அன்புத் தந்தையும்" என்ற வரியோடு அது வாசிக்கப்பட்டது. நாடகம் முடிந்த பிறகு. அந்த வேளையில் மடத்துவெளியில் பெரும்பாலான றேடியோக்கள் ஊமையாக இருந்தன. கேட்ட இரண்டொருவர் காலையில் கனகம்மா அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். கதவில் பூட்டு. நெடுந்தீவுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துத் திரும்பினார்கள். நெடுந்தீவில் பின்னேரம் வரை காத்திருந்தார்கள். பிறகு பிரேதத்தை எடுத்தார்கள். அந்த நேரம் கனகம்மா அக்கா கோச்சியில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார், உயிரோடிருக்கும் மச்சானுக்காக அழுதபடி.

அடுத்த மாதம் நான் விடுமுறையில் ஊருக்குப் போனபோது கனகம்மா அக்கா தமக்கை வீட்டுக்கு வந்தார். தகப்பனுக்குத் துக்கம் காக்கும் வெள்ளைச் சேலை. கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீ அங்கதானே வேலை?"

"ஓம் அக்கா."

"அண்டைக்கு வாசிச்சது அந்த மனிசன்தானே? எப்பவும் வாசிக்கிறவர்?"

"ஓம்."

"அவர் எப்பவும் உண்மையைத்தானே வாசிக்கிறவர்?"

நான் இழுத்துப் போட்ட கதிரையைத் திரும்பச் சுவரோரம் வைத்தேன்.

"மச்சான் உயிரோட நிக்கிறாரெண்டு கண்டவுடன எங்களுக்குச் சந்தோசம் தாங்கேலாமல் போச்சு. மச்சாள் பாயசம் காய்ச்சினவ. நான் ரெண்டுதரம் வாங்கிக் குடிச்சனான். அங்க அப்பு சாம்பலாய்க் கிடக்கிறார், நான் இஞ்ச சிரிச்சுச் சிரிச்சுப் பாயசம் குடிக்கிறன்." முந்தானையால் வாயை மூடினார். பிறகு எடுத்தார். "ஏன் தம்பி அப்பிடிச் செய்தனீங்கள்? எங்களோட உங்களுக்கு என்ன கோவம்?"

தமக்கை குறுக்கிட்டு, "அவன் என்ன செய்யிறது அக்கா, அவன்ர கையிலயோ கிடக்கு" என்றாள்.

"அவன்ர கையில இல்லாட்டி ஆற்ர கையில எண்டு கேட்டுச் சொல்லச் சொல்லு" என்றார் கனகம்மா அக்கா. "வேற ஒண்டும் வேண்டாம். பிழை நடந்துபோச்சு எண்டு அதே மனிசன், அதே நேரத்தில, ஒருக்கால் சொல்லட்டும். நெடுந்தீவில என்னை ஏசுகினம், தம்பி. தேப்பன்ர செத்தவீட்டுக்கு வராமல் மச்சான் வீட்டில விருந்து சாப்பிட்டவள் எண்டு."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு வசனம்.

கொழும்புக்குத் திரும்பிய அன்றே பொறுப்பாளரிடம் போனேன். நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். கண்களை மூடிக்கொண்டுதான் கேட்டார், ஒத்திகை கேட்பதுபோல.

"கவலையான விசயம்" என்றார். "ஆனால் றேடியோவை நிப்பாட்டினது ஆர்? நாங்களோ?"

"சேர், உங்கட வீட்டில சுவரில சொருகினால் பாடும். எங்கட ஊரில பற்றறி."

"நாடகம் எண்டு பிறகு சொன்னனாங்கள்தானே. கேக்காதது அவையின்ர பிழை."

"அவையின்ர அறிவித்தலைத் தள்ளி வைச்சது ஆற்ர பிழை சேர்?"

மேசையில் கிடந்த எழுத்துப்படியைப் புரட்டினார்.

"ஒரு வசனம் சேர். மரண அறிவித்தல் நேரத்தில."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இம்முறை துடைக்கவில்லை. "தேசிய வானொலி மடத்துவெளியில ஒரு பொம்பிளையிட்ட மன்னிப்புக் கேக்கவேணுமோ? நாளைக்கு உங்கட குதிரையளும் கடிதம் போடும், காணும்" என்றார்.

எழுத்தில் கொடுத்தேன். நேயர்களின் அறியாமையால் நேர்ந்த குழப்பம் என்று பதில் வந்தது. மேலிடத்துக்கு எழுதினேன். என்னை நாடகப் பகுதியிலிருந்து எடுத்துக் கமக்கார நிகழ்ச்சிக்குப் போட்டார்கள். மிளகாய்ச் செடியின் இலைச்சுருள் நோயைப்பற்றிப் பல வருடம் நிகழ்ச்சி தயாரித்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அந்த நிகழ்ச்சியைக் கேட்டு ஒருவரும் பிழையான ஊருக்குப் போய் அழவில்லை. றெஜினாவைத் தட்டச்சுப் பகுதிக்கு மாற்றினார்கள். அவள் கேள்வி கேட்டது அந்த ஒரு நாள்தான். அதுவும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் நாளாந்த நிகழ்ச்சி ஒழுங்கு என் பொறுப்புக்கு வந்தது. நான் போட்ட முதல் ஒழுங்கு, மரண அறிவித்தல் நேரத்தை எதற்காகவும் யாருக்காகவும் நகர்த்தக்கூடாது என்பது. ஒருமுறை பெரிய இடத்து மனிதர் ஒருவரின் உரை நீண்டுகொண்டே போனது. நேரம் வந்ததும் நடு வசனத்தில் ஒலியைத் தாழ்த்தி அறிவித்தலுக்குப் போகச்சொன்னேன். விளக்கம் கேட்டு எழுதினார்கள். "செத்தவர்களுக்கு அவசரம்" என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலின் அர்த்தம் அவர்களுக்கு விளங்கியிருக்காது. பரவாயில்லை.

இதற்குள் எங்கள் பழைய பொறுப்பாளர் இன்னும் உயர்ந்த கதிரைக்குப் போயிருந்தார். நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன் ஒரு கூட்டம் நடந்தது. நேயர்களின் கருத்தறியத் தீவுகளுக்குப் போய்வந்த உத்தியோகத்தர் ஒருவர் விவரம் சொன்னார். அதில் ஒன்றைக் கேட்டதும் பழைய பொறுப்பாளரின் முகம் மலர்ந்தது. புங்குடுதீவு மடத்துவெளியில் வயதான பெண்மணி ஒருவர், மாலைச் செய்தியிலிருந்து ஒலிபரப்பு முடியும்வரை றேடியோவை நிறுத்துவதே இல்லை. உரை, விவாதம், நாடகம் எதையும் தவறவிடுவதில்லை. அதற்காகவே பற்றறி வாங்குகிறார்.

"பார்த்தீரே காணும்" என்று என்னைத் தேடித் திரும்பினார். "உம்மட ஊர்தான். நாடகம் கேக்கத் தெரியாத சனம் எண்டு நீர்தானே அண்டைக்குச் சண்டை பிடிச்சனீர்? நாங்கள் பழக்கிப்போட்டம்."

கைதட்டினார்கள். நான் அன்று கைதட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஓய்வுபெற்று ஊருக்குப் போன முதல் மாலை கனகம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். செல்லத்துரை அண்ணை காலமாகிவிட்டார். அக்கா குசினி வாசலில் இருந்தார், றேடியோ பக்கத்தில். மரண அறிவித்தல் எப்போதோ முடிந்து, ஒரு நாடகம் போய்க்கொண்டிருந்தது. யாரோ அழுதார்கள். யாரோ கதவைச் சாத்தினார்கள். கதவுச் சத்தம் நன்றாக இருந்தது.

"என்ன நாடகம் அக்கா?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்" என்றார். "உவை கதைச்சு முடியட்டும் எண்டு இருக்கிறன். முடிஞ்ச பிறகுதானே தம்பி, எங்கட ஆக்களைச் சொல்லுவாங்கள்."

"இல்லையக்கா, இப்ப அப்பிடியில்லை. நாடகத்துக்கு முதலே வாசிச்சு முடிச்சிடுவினம். அந்த ஒழுங்கு நான் போட்டது. இனி ஒருத்தரும் மாத்தேலாது."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லாத பார்வை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"நீ நல்ல பிள்ளை" என்றார். "ஆனால் அண்டைக்கும் ஒருத்தரும் மாத்தாயினம் எண்டுதான் நாங்கள் நினைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்."

கையை நீட்டி, றேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.